ஓட்டை வைத்துக் கட்டிய வீடு

முத்தாபுதுப்பேட்டைக்கு அந்தப் பக்கம், ஏரியைப் பார்த்துக்கொண்டு முளைத்த எழில் நகரில் மொத்தம் முப்பத்தொரு மனைகள். வாங்கியவர்கள் எல்லாரும் ஆவடி டாங்கி ஃபேக்டரி ஆட்கள். குவார்ட்டர்ஸ் குழாயடியில் இருபது வருஷம் சண்டை போட்டுப் பழகிய குடும்பங்கள். ரிடையர் ஆன பிறகும் அந்தத் தொடர்பு விட்டுப்போகக் கூடாது என்று பக்கத்துப் பக்கத்திலேயே மனை வாங்கிக்கொண்டார்கள். தொண்ணூற்று நாலாம் வருஷம் அந்த நகரில் பேசுவதற்கு இரண்டே விஷயங்கள் இருந்தன. ஒன்று, குழாய்த் தண்ணீர் எப்போது வரும் என்பது. மற்றது, அப்பாவு சம்சாரம் தாட்சாயிணி.

முதல் விஷயத்தில் புதுச் செய்தி எதுவும் வராததால் எல்லாரும் இரண்டாவதைப் பேசினார்கள்.

தாட்சாயிணிக்கு அப்போது நாற்பத்தாறு வயது. ஏரிக்கரை ரோட்டில் ஒரு காலி மனையை வாடகைக்கு எடுத்து, ஆறு வருஷமாக ஹாலோ பிளாக் போட்டு விற்றுக்கொண்டிருந்தாள். நடுவில் இரண்டு பெரிய ஓட்டை உள்ள சிமெண்ட் கல். காம்பவுண்டுச் சுவர், கக்கூஸ், மாட்டுக்கொட்டகை, இந்த மூன்றுக்கு மேல் அந்தக் கல்லுக்கு அன்றைக்கு மரியாதை கிடையாது. மனுஷன் படுத்துத் தூங்கும் வீட்டுக்குச் செங்கல்தான். ஹாலோ பிளாக்கில் வீடு கட்டினால் ஓதம் அடிக்கும், நாலு நாள் மழைக்குச் சுவர் வேர்த்து ஊற்றும் என்றார்கள். "ஆமா, உறிஞ்சும். நல்லாவே உறிஞ்சும்" என்று தாட்சாயிணியும் சொல்லுவாள். விற்கிறவளே இப்படிச் சொன்னால் வாங்குகிறவன் என்ன செய்வான்? கக்கூஸ் கட்டிக்கொண்டு போனான்.

ஓதத்தின் மேல் அவளுக்குச் சொந்தக் கோபம் ஒன்று உண்டு. எழுபத்தொன்பதில் அவர்களுக்குக் குவார்ட்டர்ஸில் கீழ்வீடு. சுவரோரம் இருந்த டிரங்குப் பெட்டிக்குள் அவளுடைய எஸ்.எஸ்.எல்.சி. புத்தகம் இருந்தது. ஃபேக்டரி கேன்டீனுக்குக் கணக்கெழுத ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு அவசரமாகப் பெட்டியைத் திறந்தால், புத்தகம் ஈர அப்பளக் கட்டு மாதிரி ஒட்டிக் கிடந்தது. பிரித்தபோது கணக்கு மார்க் ஒரு கையிலும் தலைமையாசிரியர் கையெழுத்து இன்னொரு கையிலும் வந்தன. ஊருக்கு எழுதிப்போட்டு வேறு புத்தகம் வருவதற்குள் அந்த வேலை மேல்வீட்டுப் பத்மாவுக்குப் போய்விட்டது. பத்மா இன்றைக்கு எழில் நகரில் மாடி வீடு கட்டி, மாடியில் இருந்துதான் எல்லாரிடமும் பேசுகிறாள். அது வேறு கதை.

"வேலையைச் சுவரு தின்னுடுச்சு" என்று தாட்சாயிணி சொல்லுவாள். மற்ற பெண்கள் இதற்கு உச்சுக் கொட்டிவிட்டு மறந்துபோயிருப்பார்கள். இவள் மறக்கவில்லை. பதினைந்து வருஷம் கழித்துச் சுவரைப் பழிவாங்கக் கிளம்பினாள்.

கிளம்பிய விதம் தெருவுக்கே தெரியும், ஏனென்றால் குவார்ட்டர்ஸ் குளியலறையை அடைத்துக்கொண்டுதான் ஆராய்ச்சி நடந்தது. தட்டுத் தட்டாகத் தண்ணீர் ஊற்றி, துணிக்குப் போடும் நீலத்தைக் கரைத்து, ஒவ்வொரு தட்டிலும் ஒரு கல்லை நிறுத்திவைத்தாள். நீலம் கல்லில் எவ்வளவு உயரம் ஏறுகிறது என்று காலையும் மாலையும் பென்சிலால் கோடு போட்டாள். அப்பாவு ஒரு மாதம் ஃபேக்டரியிலேயே குளித்துவிட்டு வந்தார். கலவையில் கிரஷர் கல்தூளைக் கூட்டிப் பார்த்தாள், தண்ணீரைக் குறைத்துப் பார்த்தாள். காய்ந்த கல்லைப் படிகாரத் தண்ணீரில் ஒரு முறையும் பார் சோப்பு கரைத்த தண்ணீரில் ஒரு முறையும் முக்கி எடுத்துப் பார்த்தாள். அப்போதுதான் பக்கத்து வீட்டு லோகநாயகி வழியாக, "கல்லுக்கு சோப்புப் போட்டுக் குளிப்பாட்டுறாளாம்" என்ற செய்தி அம்பத்தூர் வரைக்கும் போனது.

குளிப்பாட்டிய கல்லில் நீலம் இரண்டு விரற்கடைக்கு மேல் ஏறவில்லை. ஆனால் இரண்டு கல்லைக் கலவை வைத்து ஒட்டி நிறுத்தினால், நீலம் கல்லை விட்டுவிட்டுக் கலவை வழியே சாவகாசமாக ஏறி, அந்தப் பக்கம் போய் எட்டிப் பார்த்தது. தாட்சாயிணி ஒரு வாரம் அதை முறைத்துக்கொண்டே இருந்தாள். பிறகு காலண்டர் தாளின் பின்பக்கம் படம் வரைந்து எடுத்துக்கொண்டு பூந்தமல்லிக்குப் பஸ் ஏறினாள்.

பூந்தமல்லியில் லேத் பட்டறை வைத்திருந்த ஷேக் தாவூத்துதான் கல் போடும் அவளுடைய பழைய அச்சைச் செய்துகொடுத்தவர். தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இன்னாமா இது? பல்லாங்குழியா?"

"புது அச்சு, பாய்."

"ஓட்டையாக் கீது, கல்லு எங்க கீது இதுல?"

"வெளிவரிசையில மூணு ஓட்டை. உள்வரிசையில ரெண்டு. மூணும் ரெண்டும் நேருக்கு நேரா பாத்துக்கக் கூடாது. மழைத்தண்ணி வெளிவரிசை ஓட்டைக்கு வரலாம். விருந்தாளி மாதிரி, முன்னறையோட சரி. சமையக்கட்டுக்கு விடக் கூடாது."

"வந்த விருந்தாளி எப்படித் திரும்பிப் போறது?"

"மேலேர்ந்து கீழ வரைக்கும் ஓட்டை ஒண்ணோட ஒண்ணு சேர்ந்திருக்கும். அப்படியே கீழ எறங்கி, அடிவரிசைக் கல்லுல வெளிப்பக்கமா விரல் பருமன் ஓட்டை வெச்சிருப்பேன். அதுவழியாப் போயிடும். உள்ள வரணும்னா சுத்தணும், வெளியப் போறது சுலபம்."

"நம்ம தாலுக்கா ஆபீசு மாதிரின்னு சொல்லு" என்றார் தாவூத்து.

முதல் அச்சில் கல் எடுக்கும்போதே உடைந்தது. இரண்டாவதில் பாதி உடைந்தது. மூன்றாவதற்கு, துளைகளின் ஓரத்தை ஒரு நூல் அளவுக்குச் சாய்த்துக் கொடுத்தார் தாவூத்து. கல் தொட்டிலில் இருந்து பிள்ளையைத் தூக்குவது போல வந்தது. தாட்சாயிணியின் கல் யார்டில் கலவை போடும் வேம்புலியம்மாள் அந்த முதல் முழுக் கல்லுக்குக் குங்குமம் வைத்தாள்.

விளம்பரம் வேண்டுமே என்று யார்டு வாசலில் பலகை வைத்தார்கள். 'ஓதம் வராத கல் இங்கே கிடைக்கும்' என்று எழுதச் சொன்னால், பெயிண்டர் இடம் போதவில்லை என்று தானே சுருக்கி, 'ஓதத்துக்கு இங்கே கல்' என்று எழுதிவிட்டுப் போனான். சுவரில் ஏறும் ஈரத்துக்கு ஓதம் என்று பெயர் என்றால், ஆண்கள் வேட்டிக்குள் மறைத்துக்கொண்டு நடக்கும் ஒரு வீக்கத்துக்கும் அதே பெயர்தான். மறுநாள் காலையில் வானகரத்தில் இருந்து ஒருத்தர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே வந்தார். சீட்டில் உட்கார முடியாத நிலை போலிருக்கிறது. பலகையைப் பார்த்தார், தெருவைப் பார்த்தார், குரலைத் தாழ்த்திக்கொண்டு வேம்புலியம்மாளிடம் கேட்டார்.

"கல்லைச் சூடு பண்ணி ஒத்தடம் குடுப்பாங்களாமா? இல்ல, ஒரசிப் போடறதா?"

வேம்புலியம்மாள் மணல் குவியல் மேல் உட்கார்ந்து சிரித்த சிரிப்பு அடங்க மத்தியானம் ஆயிற்று. தாட்சாயிணி அந்த மனிதருக்கு மோர் கொடுத்து, ஆவடி அரசு ஆஸ்பத்திரிக்கு வழி சொல்லி அனுப்பினாள். பலகையை எடுத்துவிடச் சொல்லி அப்பாவு கெஞ்சினார், ஃபேக்டரியில் தலைகாட்ட முடியவில்லையாம். அவள் எடுக்கவில்லை. பெயிண்டரைக் கூப்பிட்டு, மேலே 'சுவர்' என்று ஒரு சொல்லை மட்டும் சேர்க்கச் சொன்னாள். அன்றிலிருந்து அவளுக்குப் பெயர் ஓதக்கல்லுக்காரி. கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பாள்.

அப்பாவு ஆகஸ்டில் ரிடையர் ஆக வேண்டும், குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும், அதற்குள் எழில் நகர் மனையில் வீடு எழும்ப வேண்டும். தன் வீட்டைத் தன் கல்லில்தான் கட்டுவேன் என்றாள் தாட்சாயிணி. மற்ற வீடுகளைக் கட்டிய கஜபதி மேஸ்திரியையே பேசினார்கள். கஜபதி கைராசிக்காரர், அந்த ராசி யாருடைய கைக்கு என்று மட்டும் கேட்கக் கூடாது.

"கல்லோட ரெண்டு ஓரத்துல மட்டும் கலவை வைங்க, மேஸ்திரி. நடுவுல வேணாம்" என்றாள் தாட்சாயிணி.

"இன்னாம்மா, நடுவுல கலவை இல்லாம சொவுரா? மிச்சம் புடிக்கிற கலவையில இன்னா செய்யப்போற, தோடு செஞ்சி போட்டுக்கப் போறியா?"

"நடுவுல வெச்சா அதான் பாலம். தண்ணி அதுமேல ஏறி உள்ள வந்துடும்."

"தண்ணிக்குக் காலு மொளைச்சிட்ச்சா?" என்று கஜபதி கேட்க, அவருடைய ஆட்கள் சிரித்தார்கள்.

தாட்சாயிணி சிமெண்ட் பார்க்கப் போய்விட்டு மத்தியானம் திரும்பினாள். வடக்குச் சுவர் நாலு வரி எழும்பியிருந்தது. கல்லில் ஒரு ஓட்டைகூடத் தெரியவில்லை. எல்லா ஓட்டைக்குள்ளும் உடைந்த செங்கல்லைப் போட்டு, கலவையைக் கொட்டி, கரணையால் வழித்து அழகாக மெழுகியிருந்தார் கஜபதி. மேஸ்திரி மோசம் செய்யவில்லை. பாவம், கூடுதலாக உழைத்திருந்தார்.

"உனுக்காவ கெட்டியா வெச்சிக்கீறேன்மா. ஓட்டை ஓட்டையா கெடந்திச்சி, பாக்கவே சகிக்கல."

தாட்சாயிணி புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டாள். கலவை இன்னும் இறுகவில்லை. மேல்வரியில் இருந்து ஒவ்வொரு கல்லாகத் தூக்கிக் கீழே வைக்க ஆரம்பித்தாள். வேம்புலியம்மாளும் வந்து கைபோட்டாள். ஆட்கள் மேஸ்திரியின் முகத்தைப் பார்த்தார்கள், மேஸ்திரி அப்பாவுவின் முகத்தைப் பார்த்தார், அப்பாவு ஏரியைப் பார்த்தார்.

"இன்னாமே, நான் கட்ன சொவுத்த என் கண்ணு முன்னால பிரிக்கிற?"

அம்மா 'மே' ஆனதைத் தெரு கவனித்தது.

"என் கல்லு, என் மனை. கட்டத் தெரியலைன்னா நகர்ந்து நில்லுங்க."

கரணையை மணலில் வீசினார் கஜபதி. "தோ பாரு நைனா" என்று அப்பாவுவிடம் திரும்பினார். "உன் ஊட்டாண்ட இன்னிமே காலு வெக்க மாட்டேன். ஆனா மழை வரட்டும். உன் சம்சாரம் சொவுரு வேர்த்து ஊத்தறத பாக்க மட்டும் வருவேன்."

அன்று மாலைதான் அந்தப் பேச்சு நடந்தது. மறைவாகப் பேசியிருக்கலாம். அப்பாவு அஸ்திவாரத்தின் மேல் நின்றுகொண்டு பேசினார். பக்கத்து மனையில் லோகநாயகி, தற்செயலாக, ஒரு மணி நேரமாகத் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள்.

"இங்க பாரு. வாழ்நாள்ல ஒரு வீடு. இந்த மழைக்கு வடக்குச் சுவத்துல ஓதம் ஏறுச்சுன்னா, அந்தப் புது அச்சைக் காயலாங்கடைக்குப் பழைய இரும்பாப் போட்டுடுவேன். அப்புறம் பழைய அச்சுல கக்கூசுக்குக் கல்லு போட்டுக்கிட்டு வாயை மூடிட்டு இருக்கணும்."

"ஏறலைன்னா?"

அப்பாவு அதை யோசித்து வைத்திருக்கவில்லை. "ஏறலைன்னா... பாப்போம்."

"பாப்போம்னா?"

"உன் இஷ்டப்படி செஞ்சிக்க, போ."

"லோகாக்கா, கேட்டீங்கல்ல?"

"நான் எதையும் காதுல வாங்கலம்மா" என்றாள் லோகநாயகி. "ஆனா 'உன் இஷ்டப்படி'ன்னு சொன்னாரு."

கஜபதி போன பிறகு வேம்புலியம்மாளின் தம்பி ராமன் வந்து கட்டினான். இருபத்தெட்டு வயது, மேஸ்திரி என்று யாரும் கூப்பிடாததால் சொன்னதைச் செய்யும் குணம் இன்னும் மிச்சம் இருந்தது. ஒரு வரிக்கு ஒரு முறை தாட்சாயிணி ஓட்டைக்குள் கம்பியை விட்டுப் பார்ப்பாள். அடி வரைக்கும் தட்டாமல் போனால்தான் அடுத்த வரி. அடிவரிசையில், வெளித்தரைக்கு இரண்டரை அடி மேலே, வெளிப்பக்கமாக இரண்டடிக்கு ஒரு ஓட்டை. வடக்குச் சுவரில் மட்டும் பன்னிரண்டு. வெளிப்பூச்சு வேண்டாம் என்றாள். கல்லுக்கு முகமூடி போட்டுப் பரீட்சை எழுத வைக்க மாட்டாளாம்.

ஆவணியில் பால் காய்ச்சினார்கள். வந்தவர்கள் எல்லாரும் பாயசத்தைக் கையில் வைத்துக்கொண்டு வடக்குப் பக்கம் போய் ஓட்டைகளை எண்ணினார்கள்.

"எல்லாரும் ஊடு கட்டி ஓட்டைய அடைப்பாங்க. நீ ஊடு கட்டி ஓட்டை வெச்சிக்கீற. ஏரிக்கரைல பாம்புக்கு வாசப்படியா?" என்றாள் லோகநாயகி.

"விரலே நுழையாது, லோகாக்கா."

"குட்டிக்கு நுழையும்ல? உள்ள போயி பெருசாயி, உன் தலமாட்டுல குடும்பம் நடத்தும்."

இது வேடிக்கைக்குச் சொன்னது. ஆனால் பாயசத்தை வைத்துவிட்டு எழுந்துபோன அப்பாவு வேடிக்கையாக எடுத்துக்கொள்ளவில்லை. ஐப்பசி முதல் வாரம் ஏரி ததும்பி, ஒரு நீர்ப்பாம்பு வடக்குச் சுவரோரமாக ஊர்ந்து போனதை அவரே பார்த்தார். அன்று தாட்சாயிணி யார்டில் இருந்து வந்தபோது, வழக்கத்துக்கு மாறாகக் காபி போட்டு வைத்திருந்தார். அவளுக்கு அப்போதே சந்தேகம் வந்திருக்க வேண்டும். காபி நன்றாக இருந்ததால் வரவில்லை.

பிறகு மழை பிடித்தது. வாடைக்காற்றோடு, ஏரித் தண்ணீரைக் கையால் வாரி அடிப்பது போல வடக்குச் சுவர் மேல் நாலு நாள் அடித்தது. தாட்சாயிணி நாளுக்கு நாலு தரம் சுவரை உள்பக்கம் தடவிப் பார்த்தாள். முதல் நாள் காய்ந்து கிடந்தது. இரண்டாம் நாளும் அப்படியே. பத்மாவின் செங்கல் வீட்டு மாடிப்படிச் சுவர் ஊறிவிட்டது என்று சேதி வந்தது; தாட்சாயிணி சிரிக்கவில்லை, ஆனால் சந்தோஷப்படவில்லை என்று சொன்னால் அது பொய். மூன்றாம் நாளும் நாலாம் நாளும் சுவர் அசையவில்லை. ஐந்தாம் நாள் காலை சர்க்கரை கேட்டு வந்த லோகநாயகி, சர்க்கரை டப்பா சமையலறையில் இருக்க, படுக்கை அறைக்குள் போய் நின்றுகொண்டு கூப்பிட்டாள்.

"தாட்சாயிணி! இன்னாடி இது?"

கட்டிலுக்குப் பின்னால், தரையில் இருந்து இடுப்பளவுக்கு, ஒரு பாயை நிமிர்த்திச் சாய்த்த மாதிரி ஈரம். தொட்டால் கையில் ஒட்டியது. டிரங்குப் பெட்டிக்குள் ஒட்டிக் கிடந்த புத்தகத்தைப் பிரித்த அதே விரல்களைத் தாட்சாயிணி புடவையில் துடைத்துக்கொண்டாள்.

லோகநாயகி சர்க்கரை வாங்காமலே போய்விட்டாள். அரை மணியில் வாசலில் பத்துக் குடை. கஜபதி சொன்ன சொல் தவறாதவர், சொவுரு வேர்ப்பதைப் பார்க்க வந்துவிட்டார். வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு வந்திருந்தார். காயலாங்கடைத் துலுக்கானத்துக்கு யார் சொல்லி அனுப்பினார்கள் என்று தெரியவில்லை, அவன் மூன்று சக்கர வண்டியோடு நனைந்தபடி நின்றான்.

"இன்னா அண்ணாத்தே, அச்சு எத்தினி கிலோ இருக்கும்?" என்றான் அப்பாவுவிடம்.

அப்பாவு ஈரத்தையும் தாட்சாயிணியையும் மாறி மாறிப் பார்த்தார். ஜெயித்தவர் முகம் அப்படி இருக்காது. "விடு, தாட்சா. பேசினது பேசினதுதான். போட்டுடலாம்."

"சோப்பு போதல போலக்கீதே" என்றார் கஜபதி. "இன்னும் ரெண்டு கட்டி போட்டிருக்கலாம்."

எல்லாரும் சிரித்து முடிக்கும் வரைக்கும் தாட்சாயிணி சுவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். ஈரத்துக்கு இடது பக்கம் நாலடி காய்ந்திருந்தது. வலது பக்கம் பதினோரு அடியும் காய்ந்திருந்தது. மேலேயும் காய்ந்திருந்தது. தோற்கிற சுவர் முழுசாகத் தோற்க வேண்டும். இது கட்டிலைத் தேடிப் பிடித்து அதன் பின்னால் மட்டும் தோற்றிருந்தது.

குடையை எடுக்காமல் வெளியே போனாள். கூட்டம் குடையோடு பின்னால் போனது.

வடக்குப் பக்கம், அடிவரிசை ஓட்டைகளில் இருந்து தண்ணீர் மெல்லிசாக ஒழுகிக்கொண்டிருந்தது. குனிந்து எண்ணினாள். இரண்டு ஒழுகியது. அதன் பிறகு நாலு இல்லை. பிறகு ஆறு ஒழுகியது. நாலு ஓட்டை இருக்க வேண்டிய இடத்தில் சுவர் வழவழவென்று இருந்தது. விரலை வைத்துத் தடவினாள். சிமெண்டைக் குழைத்து உள்ளே தள்ளி, கட்டைவிரலால் அமுக்கி, ஓரத்தில் பிதுங்கியதை வழித்து, அதன் மேல் உப்புத்தாள் போட்டு வேறு தேய்த்திருந்தார்கள். தெருப்பிள்ளைகள் குறும்பு இல்லை இது. கொத்து வேலைக்காரன் எவனும் ஓட்டையை அடைத்துவிட்டு உப்புத்தாள் போட மாட்டான். அப்படித் தேய்க்கிற கை ஒன்றுதான். முப்பத்திரண்டு வருஷம் டாங்கியைத் தொட்டித் தண்ணீரில் இறக்கி, எங்கே குமிழி வருகிறது என்று பார்த்து, வருகிற இடத்தை எல்லாம் அடைத்துச் சம்பளம் வாங்கிய கை. ஓட்டையைக் கண்டால் அந்தக் கைக்குத் தூக்கம் வராது.

தாட்சாயிணி திரும்பினாள். அப்பாவு மறுபடியும் ஏரியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ராமா, அந்தக் கம்பியையும் சுத்தியலையும் எடு."

"இன்னா பண்ணப்போற? கீற சொவுத்தையும் இடிக்கப்போறியா?" என்று கஜபதி நன்றாகப் பார்ப்பதற்காக முன்னால் வந்து நின்றார்.

"கொஞ்சம் தள்ளி நில்லுங்க, மேஸ்திரி."

"நான் ஏன் தள்ளி நிக்கணும்? எனுக்கு இன்னா—"

தாட்சாயிணியின் மூன்றாவது சுத்தியல் அடியில் கம்பி உள்ளே இறங்கியது. உருவியதும் ஓட்டையில் இருந்து தண்ணீர் பீறிட்டு வந்தது. நாலு நாள் அடைபட்டுக் கிடந்த தண்ணீர். கூண்டு திறந்த வேகத்தில் நேராகப் போய் மேஸ்திரியின் வெள்ளை வேட்டியில், இடுப்புக்குச் சற்றுக் கீழே அடித்தது. உடனே வேம்புலியம்மாள் ஆரம்பித்தாள், அந்த மணல் குவியல் சிரிப்பை.

"மேஸ்திரிக்கு ஓதம் ஏறிட்ச்சி டோய்!"

தாட்சாயிணி சிரிக்கவில்லை. அடுத்த ஓட்டை, அதற்கடுத்தது, நாலாவது. நாலும் பீறிட்டன, பிறகு தணிந்து, மற்ற எட்டு ஓட்டைகளைப் போல ஒழுங்காக ஒழுக ஆரம்பித்தன. கம்பியைச் சுவரில் சாய்த்தாள்.

"யாரு அடைச்சதுன்னு கேக்க மாட்டேன். ஏன் அடைச்சீங்க, அத மட்டும் சொல்லுங்க."

அப்பாவு மனைவிக்குப் பதில் சொன்னார், ஆனால் பார்த்தது லோகநாயகியை. "இவங்க பாம்புன்னாங்க. நானும் ஒண்ணைப் பாத்தேன். சரியா உன் தலமாட்டுக்கு நேரா போச்சு. நீ கீழ் பக்கம் கையத் தொங்கப்போட்டுத் தூங்குறவ."

"அய்யய்யோ, நான் தமாசுக்குச் சொன்னேன்!" என்றாள் லோகநாயகி. "என்னை ஏன் இழுக்கிறீங்கண்ணா?"

"எங்கிட்ட ஏன் சொல்லல?" என்றாள் தாட்சாயிணி அப்பாவுவிடம்.

"சொன்னா விட்டிருப்பியா?"

"மாட்டேன்."

"அதான்."

இதற்கு மேல் திட்டுவதா வேண்டாமா என்று தாட்சாயிணிக்குத் தெரியவில்லை. தனக்காகப் பயந்த மனுஷன். தன்னை நம்பாத மனுஷன். இரண்டும் ஒரே ஆளாக, தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு எதிரில் நனைந்துகொண்டிருந்தது. பொதுவாக இந்த இடத்தில் பெண்கள் மன்னித்துவிட்டுக் காபி போடப் போவார்கள். லோகநாயகியும் அதைத்தான் எதிர்பார்த்தாள்.

"டாங்கிக்குள்ள தண்ணி வரக் கூடாது, அதனால அடைச்சீங்க. அது உங்க வேலை, சரி" என்றாள் தாட்சாயிணி, தெருவுக்கே கேட்கும்படி. "சுவத்துக்குள்ள தண்ணி வரும். எந்தக் கல்லா இருந்தாலும் வரும், மேஸ்திரி, உங்க செங்கல்லா இருந்தாலும் வரும். வந்ததைப் போகவிடணும். உள்ள வந்து பாருங்க, பன்னெண்டு ஓட்டையில எட்டு தெறந்திருந்த இடம் எப்படி இருக்கு, நாலு அடைச்ச இடம் எப்படி இருக்குன்னு. நானே இவ்வளவு தெளிவா சோதிச்சிருக்க மாட்டேன். எங்க வீட்டுக்காரரு சோதிச்சுக் குடுத்துட்டாரு."

கஜபதி ஈர வேட்டியை உடம்பில் ஒட்டாமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார். "ஒரு மழை பாத்துட்டு பேசறியே. ஒம்போது மழை வரட்டும்."

"வரட்டும். ஒவ்வொரு மழைக்கும் வாங்க. கலர் வேட்டி கட்டிக்கிட்டு வாங்க."

"உள்ள அந்த ஈரத்துல சுண்ணாம்பு அடிச்சிடலாம், தாட்சா" என்றார் அப்பாவு மெதுவாக. "காஞ்சதும் தெரியாது. நாலு பேர் வந்து போற வீடு."

"தெரியட்டும். சுண்ணாம்பு மட்டையோட அந்தச் சுவத்துக்கிட்ட போனீங்கன்னா நான் மனுஷியா இருக்க மாட்டேன். கல்லு வாங்க வர்றவங்களுக்கு நான் காட்டணும்."

கூட்டம் கலையப் பார்த்தது. துலுக்கானம் மட்டும் வண்டியை விட்டு நகரவில்லை. மழையில் வந்திருக்கிறான், வெறுங்கையோடு போவதாக இல்லை.

"அப்போ அச்சு கெடையாதா?"

"கெடைக்கும். யார்டுக்கு வா."

அப்பாவு பதறிவிட்டார். "அதான் ஓதம் இல்லைன்னு ஆயிடுச்சே! புது அச்சை ஏன் போடுற?"

"புதுசை யாரு போட்டா? பழசைப் போடறேன்."

பழைய அச்சுதான் ஆறு வருஷமாக அடுப்பை எரியவைத்தது. காம்பவுண்டுக்கும் கக்கூசுக்கும் மாதம் தவறாமல் கல் போனது அதில்தான். புது அச்சில் போட்ட கல்லை அன்றுவரை வாங்கிய ஒரே ஆள் தாட்சாயிணி. இதெல்லாம் அப்பாவுவுக்குத் தெரியும், கஜபதிக்குத் தெரியும், வண்டிக்காரன் துலுக்கானத்துக்கே தெரியும்.

"பைத்தியமா உனக்கு? ரெண்டும் இருக்கட்டும். கேக்கிறவனுக்கு அதைக் குடு, கேக்காதவனுக்கு இதைக் குடு."

"ரெண்டும் இருந்தா பழசைத்தான் கேப்பாங்க. ஊறுதுன்னு எனக்கே தெரிஞ்ச கல்லை இன்னொரு வீட்டுக்கு ஏத்தி அனுப்ப மாட்டேன். இனிமே இந்தக் கல்லுதான். வாங்கறவங்க மேஸ்திரியையும் கூட்டிக்கிட்டு வரணும், எங்கே கலவை வைக்கக் கூடாதுன்னு ராமன் ஒரு நாள் நின்னு சொல்லிக் குடுப்பான். அது முடியாதுன்னா அவங்க ஈரத்துலயே படுத்துக்கட்டும்."

"ஒருத்தனும் வர மாட்டான்" என்றார் கஜபதி.

"வராம போகட்டும், மேஸ்திரி. உங்களைக் கேக்கல."

சொல்லிவிட்டு ஏரிக்கரை ரோட்டுப் பக்கம் நடக்க ஆரம்பித்தாள். துலுக்கானம் வண்டியைத் திருப்பினான். சேற்றில் சக்கரம் மாட்டிக்கொள்ள, வேம்புலியம்மாளும் ராமனும் பின்னால் இருந்து தள்ளினார்கள். மாடி ஜன்னலில் இருந்து பார்த்த பத்மாகூடக் கீழே இறங்கி வந்து வாசலில் நின்றாள்.

அப்பாவு கொஞ்ச நேரம் அங்கேயே நின்றார். பிறகு வீட்டுக்குள் போய்ப் பெரிய கறுப்புக் குடையை எடுத்துக்கொண்டு, வேட்டியை மடித்துக் கட்டி, அவசர அவசரமாகப் பின்னால் ஓடினார். அவளைத் தடுக்கப் போனாரா, குடை பிடிக்கப் போனாரா என்பதில் எழில் நகரில் இன்றைக்கும் இரண்டு கருத்து உண்டு. பழைய அச்சைத் தூக்கி வண்டியில் வைக்கும்போது ஒரு பக்கம் அவர்தான் பிடித்தார் என்று துலுக்கானம் சொன்னான். குடையை மடக்கிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பிடித்தாராம்.